அளந்த நீர்

நீச்சல் பந்தயத்தில் பெண்கள்: வரலாற்றுத் தொடர் – 9

உடன்குடியிலிருந்து குலசேகரன்பட்டினத்துக் கடலும் மணப்பாட்டுக் கடலும் சில கிலோமீட்டர்தான். வடக்கே திருச்செந்தூர், காயல்பட்டினம், பழையகாயல், தூத்துக்குடி என்று நீளும் இந்தக் கரையை உலகச் சந்தைக்கு அறிமுகப்படுத்தியது முத்து. கொற்கை துறைமுகமாக இருந்த காலம் தொட்டு, தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்த 1961 வரை, மூச்சைப் பிடித்துக்கொண்டு நீருக்குள் இறங்குவதைத் தொழிலாகவே வைத்திருந்த கரை இது. அப்படிப்பட்ட இடத்திலிருந்து ஒலிம்பிக் பெண்கள் ஃப்ரீஸ்டைல் பந்தயத்தின் தொடக்க மேடையில் ஒரு பெண்கூட ஏறி நின்றதில்லையே, ஏன்? இதைக் கேட்பவர்களுக்கு வழக்கமாக மூன்று பதில்கள் கிடைக்கும்: நம் உடல்வாகு போதாது, நம் பழக்கவழக்கம் விடாது, அரசாங்கம் எதுவும் செய்யவில்லை. மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் மூன்றும் ஒரு தவறான எண்ணத்தின்மேல் நிற்கின்றன. கடல் இருந்தால் நீச்சல்காரர் வந்துவிடுவார், வராவிட்டால் வேறெதுவோ தடுத்திருக்கிறது என்பதே அந்த எண்ணம். பெண்கள் ஃப்ரீஸ்டைலின் நூற்றாண்டு வரலாறு இதற்கு நேர் எதிராகப் பேசுகிறது. கடல் தானாக எந்தப் பந்தயக்காரியையும் உருவாக்கியதில்லை. எல்லை கட்டி அளந்த நீரும், அந்த நீரில் பெண்ணுக்கென்று ஒதுக்கிய நேரமும்தான் அவளை உருவாக்கின.

பெண்களை ஒலிம்பிக் நீச்சலில் சேர்க்கலாமா என்று ஆண்கள் கூடிப் பேசி முடித்த கதையைச் சென்ற இதழில் பார்த்தோம். முடிவில் 1912ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோமில் பெண்களுக்கு இரண்டு நீச்சல் பந்தயங்கள் கிடைத்தன: 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல், நான்கு பேர் சேர்ந்து நீந்தும் தொடர் பந்தயம். அன்றைக்கு நீச்சல்குளம் கிடையாது. நகரத்தின் கடல்கழியில் மிதவை மேடைகளைக் கட்டி, 100 மீட்டர் அளந்து எல்லை போட்டிருந்தார்கள். எட்டு நாடுகளிலிருந்து 27 பெண்கள் வந்தார்கள். அமெரிக்கா ஒருத்தியையும் அனுப்பவில்லை. அந்நாட்டு விளையாட்டுச் சங்கத்தில் செல்வாக்கோடு இருந்த ஜேம்ஸ் சலிவன் பெண்கள் போட்டியிடுவதையே ஏற்காதவர். ஜூலை 12ஆம் தேதி நடந்த இறுதிச் சுற்றில் ஆஸ்திரேலியாவின் ஃபேனி டுராக் 1 நிமிடம் 22.2 விநாடியில் முதலாவதாக வந்தார். இரண்டாவது அவருடைய தோழி மினா வைலி. மூன்றாவது பிரிட்டனின் ஜென்னி ஃபிளெட்சர். தகுதிச் சுற்றிலேயே டுராக் 1 நிமிடம் 19.8 விநாடியில் உலகச் சாதனை வைத்துவிட்டதால் தங்கம் யாருக்கு என்பதில் பெரிய மர்மம் இருக்கவில்லை. நம் கேள்விக்கு உதவுவது வேறொரு செய்தி. முதல் இரண்டு இடத்தையும் பிடித்த இருவரும் சிட்னி நகரத்தின் கூஜி என்ற ஒரே கடலோரப் பகுதியில் பயின்றவர்கள்.

கூஜியில் கடல் இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொண்டால் பாதிக் கதைதான் கிடைக்கும். அங்கே கரையோரப் பாறைத்தட்டில் சுவர் எழுப்பி, ஏற்றத்தில் கடல்நீர் வந்து நிறையும்படி தொட்டிகள் கட்டியிருந்தார்கள். அலையும் இழுப்பும் சுவருக்கு வெளியே, உப்பும் மிதப்பும் உள்ளே. பெண்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிய தொட்டி ஒன்று 1880களிலிருந்தே அங்கு உண்டு. மெக்கைவர் பெண்கள் குளிப்பிடம் என்ற பெயரில் அது இன்றும் பெண்களுக்கே உரியது. மினாவின் தந்தை ஹென்றி வைலி, தூர நீச்சலிலும் நீருக்கடி நீச்சலிலும் பேர் வாங்கியவர். 1907இல் அவரே அதே கரையில் ஒரு குளிப்பிடம் கட்டினார். ஆணும் பெண்ணும் சேர்ந்து நீந்த அனுமதித்த தொடக்ககால இடங்களில் அது ஒன்று. டுராக் பயின்றதும் கூஜியின் குளிப்பிடத்தில்தான். பெண்களுக்கு அப்போது நெஞ்சு நீச்சலில் மட்டுமே சாம்பியன் பட்டம் இருந்ததால் அதில் தொடங்கி, பிறகு கைமாற்றி வீசும் வேக நீச்சலுக்கு வந்தார். கவனிக்க வேண்டியது இதுதான்: அந்தப் பெண்கள் அலையோடு மல்லுக்கட்டி வளரவில்லை. அலை எட்டாத, நீளம் தெரிந்த, காலையும் மாலையும் போய் வரக்கூடிய ஒரு நீரில், இன்னொருத்தியோடு போட்டி போட்டு, கடிகாரம் பார்த்து வளர்ந்தார்கள்.

இங்கே ஒரு மறுப்பு எழும். பெண்களுக்குத் தனிச் சுவர் கட்டுவதுதான் வழி என்றால் அது பெண்ணை மறைத்துவைக்கும் பழைய புத்திதானே என்பார்கள். இந்த மறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. ஏனென்றால் டுராக்கின் கதையிலேயே அந்தச் சுவர் அவர்மேல் இடியப் பார்த்தது. நியூ சவுத் வேல்ஸ் பெண்கள் நீச்சல் சங்கத்தின் விதிப்படி, ஆண்கள் பார்வையாளராக இருக்கும் போட்டியில் பெண்கள் நீந்தக் கூடாது. அந்த விதியை விடாப்பிடியாகக் காத்தவர் சங்கத் தலைவி ரோஸ் ஸ்காட். அவர் பிற்போக்குக்காரர் என்று ஒதுக்கிவிட முடியாது, பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் பல்லாண்டு போராடியவர். ஆண்கள் கண்ணால் மேய்வதற்கு நம் பெண்கள் காட்சிப்பொருளாகக் கூடாது என்பது அவர் வாதம். ஆனால் அந்த விதி நின்றால் டுராக் ஸ்டாக்ஹோம் போக முடியாது. பத்திரிகைகள் எழுதின, பொதுமக்கள் பணம் திரட்டினார்கள், சங்கம் கடைசியில் விதியைத் தளர்த்தியது, ஸ்காட் பதவி விலகினார். இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, தனியிடம் தவறு என்ற முடிவை அல்ல. பெண்கள் தயங்காமல் நீரில் இறங்கியதற்கு அந்தத் தனித் தொட்டியும் தனி நேரமும் காரணம். அவர்கள் உலகத்தின் முன் வந்ததற்கு அந்தச் சுவரில் ஒரு வாசல் திறந்தது காரணம். இரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் ஜூலை 12 நடந்திருக்காது. ஸ்காட்டின் அச்சம் வெறும் கற்பனை என்றும் சொல்லிவிட முடியாது. 1920 ஆண்ட்வெர்ப்பில் மூன்று தங்கம் வென்ற அமெரிக்கப் பெண் எத்தெல்டா பிளைப்ட்ரி, அதற்கு முந்தைய ஆண்டு நியூயார்க் கடற்கரையில் காலுறையைக் கழற்றிவிட்டு நீந்தினார் என்பதற்காகக் கைதானவர். காலுறை!

இனி நம் கரைக்கு வருவோம். முத்துக்குளிப்பவர்களின் வழிவந்தவர்களுக்கு நீச்சல் ரத்தத்திலேயே இருக்கும் என்று மேடைகளில் பேசுவதுண்டு. முத்துச் சலாபம் எப்படி நடந்தது என்று எண்ணிப் பார்த்தால் இந்தப் பேச்சின் பலவீனம் தெரிந்துவிடும். குளியாள் நீந்திக் கீழே போவதில்லை. கயிற்றில் கட்டிய கனத்த கல்லின்மேல் கால் வைத்து நின்றுகொண்டு, மூச்சை இழுத்துப் பிடித்து, கல்லின் பாரத்தில் சட்டென்று பார் எனப்படும் சிப்பிப் படுகைவரை இறங்கிவிடுவார். ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழம். ஒரு நிமிடத்தை ஒட்டி அடியில் இருந்து, கைக்குக் கிடைத்த சிப்பியைக் கூடைவலையில் அள்ளிப்போட்டு, கயிற்றை அசைத்தால் மேலே தோணியில் இருக்கும் கூட்டாளி இழுத்துவிடுவார். இறக்குவது கல், ஏற்றுவது கயிறு. இது துணிச்சலும் மூச்சுக்கட்டும் பார்களைப் பற்றிய அறிவும் வேண்டிய தொழில். காதடைப்பும் சுறாவும் இருந்த தொழில். அதன் பெருமையைக் குறைக்க வேண்டியதில்லை. ஆனால் நீர்மட்டத்தில் படுத்து 100 மீட்டரைக் கடக்கும் வேலைக்கும் இதற்கும் உடலளவில் உறவு மிகக் குறைவு. ஒன்றில் அசைவைக் குறைத்து மூச்சைச் சேமிக்க வேண்டும். மற்றதில் ஒவ்வொரு வீச்சிலும் மூச்சைச் செலவழிக்க வேண்டும். அதைவிடப் பெரிய விஷயம், இந்தக் கரையில் அந்தத் தொழிலும் ஆண்களுடையதாகவே இருந்தது. கரையில் பெண்ணுக்கு வேலை குறைவில்லை: மீனைக் கூறுகட்டி விற்பது, கருவாடு போடுவது, மணப்பாட்டில் ஓலைப்பெட்டி முடைவது, கொஞ்சம் உள்ளே தள்ளித் தேரிக்காட்டுப் பக்கம் வந்தால் பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுவது. கடல் அவள் வேலையின் எல்லையில் இருந்தது, வேலைக்குள் இல்லை.

வடக்கே ராமநாதபுரம் கரையில் பெண்கள் கடலுக்குள் இறங்குகிறார்களே என்று கேட்கலாம். உண்மைதான். பாம்பனைச் சுற்றிய ஊர்களில் பெண்கள் தலைமுறைகளாகப் பாசி எடுக்கிறார்கள். சேலைக்குமேல் சட்டையைப் போட்டு இறுக்கிக் கட்டி, கண்ணாடி மாட்டி, தீவோரப் பாறைகளில் முங்கி முங்கிப் பாசியைப் பிடுங்கி வருகிறார்கள். மன்னார் வளைகுடாத் தீவுகளைத் தேசியப் பூங்காவாக 1986இல் அறிவித்த பிறகு, வனத்துறையோடு இழுபறியும் அவர்கள் வேலையின் ஒரு பகுதியாகிவிட்டது. தமிழ்ப் பெண்ணுக்கு நீர் ஒவ்வாது, உடை தடுக்கும், ஊர் பேசும் என்று சொல்பவர்களுக்கு இவர்களே போதுமான பதில். பிழைப்பு என்று வந்தால் ஊர் பேசுவதில்லை. ஆனால் இவர்களிடமிருந்தும் பந்தயக்காரிகள் வரவில்லை. நாள் முழுக்கக் கடலில் இருக்கும் பெண்ணுக்கும் நீந்திப் பழக என்று ஒரு மணி நேரம் ஒதுக்கியவர் யாருமில்லை. ஜப்பானிலும் இதே கதைதான். ஆமா எனப்படும் முத்தும் சிப்பியும் எடுக்கும் மூழ்கு பெண்கள் உலகப் புகழ் பெற்றவர்கள். ஆனால் ஒலிம்பிக் நீச்சலில் தங்கம் வென்ற முதல் ஆசியப் பெண், 1936 பெர்லினில் 200 மீட்டர் நெஞ்சு நீச்சலில் வென்ற ஹிதெகோ மயெஹதா, மூழ்கு பெண்களின் கரையைச் சேர்ந்தவர் அல்லர். ஹஷிமோதோ என்ற உள்நாட்டு ஊரில், தோஃபு விற்கும் வீட்டில் பிறந்து, கினொகாவா ஆற்றில் நீந்தப் பழகியவர்.

கடலோரம் என்பதும் நீச்சல் என்பதும் ஒன்றல்ல என்பதற்கு நம் கண்முன் கொடிய சான்று ஒன்று உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் ஆக்ஸ்ஃபாம் அமைப்பு வெளியிட்ட அறிக்கை, கடலூர் மாவட்டத்தில் இறந்தவர்களில் பெண்கள் 391 பேர், ஆண்கள் 146 பேர் என்று கணக்குச் சொன்னது. காரணம் ஒன்றில்லை. ஆண்கள் பலர் அலை சிறிதாக இருந்த ஆழ்கடலில் இருந்தார்கள். பெண்கள் மீன் வாங்கக் கரையில் நின்றார்கள். கையில் பிள்ளை இருந்தது, இடுப்பில் சேலை இருந்தது. அந்தக் காரணங்களோடு நீந்தத் தெரியாததும் சேர்ந்தது. அவ்வளவு பெரிய அலையில் நீச்சல் தெரிந்திருந்தும் பயனில்லை என்று வாதிடலாம். முதல் அடிக்கு அது சரி. உள்ளே புகுந்து தேங்கி, பிறகு பின்வாங்கிய நீரில் மிதந்து எதையாவது பற்றிக்கொள்ளத் தெரிந்தவர்களுக்கும் தெரியாதவர்களுக்கும் வித்தியாசம் இருந்தது. பக்கத்து மண்ணின் கிணறுகளையும் பாருங்கள். பம்ப்செட் கிணற்றில் காய்ந்த சுரைக்குடுவையை முதுகில் கட்டிக்கொண்டு பையனும் பெண்ணும் சேர்ந்துதான் நீச்சல் பழகத் தொடங்குகிறார்கள். பையன் சொருகு பாய்ச்சலுக்கும் உள்நீச்சலுக்கும் போகும் வயதில் பெண் வயதுக்கு வந்துவிடுகிறாள். கிணறு அத்தோடு முடிந்தது. உலக அளவில் ஃப்ரீஸ்டைல் வீராங்கனைகள் வேகம் பிடிக்கத் தொடங்குவதும் அதே பன்னிரண்டு, பதின்மூன்று வயதில்தான்.

என் வாதத்துக்கு வரக்கூடிய வலுவான எதிர்ப்பு ஹவாயிலிருந்து வருகிறது. அதே 1912இல் ஆண்கள் 100 மீட்டரை வென்ற டியூக் கஹனமோகு வைகீகிக் கடலின் பிள்ளை, அலைச்சறுக்கின் தந்தை. இன்னும் பின்னே போனால், இன்று ஃப்ரீஸ்டைல் என்றாலே எல்லோரும் நீந்தும் அந்தக் கைவீச்சையே சிட்னிக்குக் கொண்டுவந்ததில் சாலமன் தீவுகளிலிருந்து வந்த சிறுவன் அலிக் விக்கமுக்குப் பங்குண்டு. அப்படியென்றால் கடல்தானே மூலம்? திறமையின் மூலம் கடலாக இருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விக்கமின் கைவீச்சு வரலாற்றில் ஏறியது எங்கே? சிட்னியின் பிரான்டி குளிப்பிடத்தில், பந்தயம் பார்க்க நின்றவர்கள் முன்னால். சாலமன் தீவுகளில் அவனைப்போல் நீந்தியவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள், அவர்களுக்குக் கடிகாரம் இல்லை. கஹனமோகுவின் கதை இன்னும் தெளிவு. 1911 ஆகஸ்டில் ஹொனலூலூ துறைமுகத்தில் 100 கெஜத்தை 55.4 விநாடியில் நீந்தினார், உலகச் சாதனையைவிட நாலரை விநாடிக்குமேல் வேகம். அமெரிக்கச் சங்கம் நம்ப மறுத்தது. நீரோட்டம் தள்ளியிருக்கும், அளவு பிசகியிருக்கும், நேரம் பார்த்தது அலாரக் கடிகாரமாக இருக்கும் என்றெல்லாம் காரணம் சொன்னார்கள். நியாயமா அநியாயமா என்பதைவிட, கடலில் காட்டிய வேகத்துக்குச் சான்றிதழ் இல்லை என்பதே செய்தி. அவரையும் பெருநிலத்துக் குளங்களுக்கு அழைத்துப்போய் அங்கே நீந்தவைத்த பிறகுதான் உலகம் ஏற்றுக்கொண்டது.

சரி, பந்தயம் என்றாலே அளந்த நீர்தான். ஆகவே அளந்த நீர் தேவை என்று சொல்வது சொன்னதையே திருப்பிச் சொல்வது, அதில் வாதம் எங்கே என்று தருக்கம் படித்த வாசகர் கேட்கக்கூடும். நான் சொல்வது பந்தயம் எங்கே நடக்கும் என்பதையல்ல. பந்தயக்காரி எங்கே உருவாகிறாள் என்பதை. கடலே இல்லாத நாடு ஒன்று இந்தப் பந்தயங்களை அள்ளிக்கொண்டு போயிருந்தால் வாதம் நிற்கும். அப்படி ஒன்று நடந்தது. 1952 ஹெல்சிங்கியில் பெண்களுக்கு ஐந்து நீச்சல் பந்தயங்கள். அவற்றில் நான்கை வென்றது நாலாபுறமும் நிலம் சூழ்ந்த ஹங்கேரி. 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலை 1 நிமிடம் 6.8 விநாடியில் வென்ற கதலின் சோகே, 400 மீட்டரை வென்ற வலேரியா கெங்கே, நெஞ்சு நீச்சலில் ஏவா செகேய், பிறகு தொடர் பந்தயம். அந்த நாட்டுக்கு வெந்நீர் ஊற்றுகள் இருந்தன. 1930இல் புடாபெஸ்ட்டின் மார்கிட் தீவில் கூரையிட்ட நீச்சல்குளம் ஒன்று கட்டியிருந்தார்கள். அதை வடிவமைத்த கட்டடக் கலைஞர் ஆல்ஃப்ரெட் ஹாயோஷ். 1896இல் ஏதென்ஸ் அருகே குளிர்ந்த திறந்த கடலில் முதல் ஒலிம்பிக் 100 மீட்டரை வென்றவர் அவரேதான். கடலில் நீந்தி வென்ற மனிதர், தன் நாட்டுப் பிள்ளைகளுக்குக் கடலைத் தேடித் தராமல் கூரை போட்ட தொட்டியைக் கட்டித் தந்தார் என்பதைப் பார்க்கும்போது, அவரும் இந்த முடிவுக்குத்தான் வந்திருப்பார் என்று எனக்குப் படுகிறது.

அதே ஹெல்சிங்கியில்தான் இந்தியப் பெண்கள் முதன்முதலாக ஒலிம்பிக் நீரில் இறங்கினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு டெல்லியில் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தபோது, ஆண்கள் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் சச்சின் நாக் தங்கம் வென்றார். பெண்களுக்கு நீச்சல் பந்தயமே வைக்கவில்லை. ஆகவே ஹெல்சிங்கிக்குப் போன இருவரும் நேராக ஒலிம்பிக்கில்தான் சர்வதேசப் போட்டியைக் கண்டார்கள் என்று சொல்லலாம். 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் இறங்கியவர் பம்பாயின் டாலி நசீர். நெஞ்சு நீச்சலில் அவரோடு இறங்கியவர் பன்னிரண்டு வயது நிரம்பாத கல்கத்தாச் சிறுமி ஆரத்தி சாஹா. இருவரும் முதல் சுற்றைத் தாண்டவில்லை. ஆனால் இருவரும் எங்கிருந்து வந்தார்கள் என்று பாருங்கள்: நீச்சல் சங்கம் இருந்த, பெண் பிள்ளையைச் சங்கத்தில் சேர்க்கத் தயங்காத வீடுகள் இருந்த இரண்டு பெருநகரங்கள். 2000 முதல் ஒலிம்பிக் ஃப்ரீஸ்டைலில் நீந்திய இந்தியப் பெண்கள் நால்வர்: 2000 சிட்னியில் நிஷா மில்லெட், 2004 ஏதென்ஸில் ஷிகா டாண்டன், 2016 ரியோவில் ஷிவானி கட்டாரியா, 2024 பாரிஸில் தினிதி தேசிங்கு. மூவர் பெங்களூரில் தேறியவர்கள், ஒருவர் டெல்லியை ஒட்டிய குர்கான்காரர். பெங்களூர் எந்தக் கடலுக்கும் பக்கத்தில் இல்லை, கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் மேலே இருக்கிறது. இந்தியாவின் கரை நீளம் 7,500 கிலோமீட்டர் என்று பள்ளிப் புத்தகம் சொல்லிவந்தது. அத்தனை நீளத்தால் ஆகாததைப் பெங்களூரின் குளங்கள் செய்தன.

நால்வரில் நம்மோடு தொடர்புள்ளவர் நிஷா மில்லெட். சிறு வயதில் ஒருமுறை நீரில் மூழ்கப்போன பெண்ணை, அந்தப் பயம் தங்கிவிடக் கூடாது என்று அவர் தந்தை நீச்சல் பழக வைத்தார். 1991இல் பழகிய இடம் சென்னை ஷெனாய் நகர் குளம். அங்கிருந்து மாநிலப் பட்டங்கள், பிறகு மேல்பயிற்சிக்காகக் குடும்பத்தோடு பெங்களூர். 100 மீட்டரை ஒரு நிமிடத்துக்குள் நீந்திய முதல் இந்தியப் பெண்ணும் அவரே. சிட்னியில் 200 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் தன் தகுதிச் சுற்றில் முதலாவதாக வந்தும் அடுத்த சுற்றுக்குப் போகவில்லை. இதில் புதிரில்லை. ஏற்கெனவே பதிவான நேரத்தை வைத்துத்தான் சுற்றுகளைப் பிரிப்பார்கள். வேகமானவர்கள் கடைசிச் சுற்றுகளில் இருப்பார்கள். சுற்றில் வென்றாலும் மொத்தத்தில் முதல் பதினாறு நேரங்களுக்குள் வந்தால்தான் அரையிறுதி. சென்னை மெரினாவையும் பட்டினப்பாக்கத்தையும் வைத்துக்கொண்டிருக்கும் ஊர். ஆனால் அதன் ஒரே ஒலிம்பிக் ஃப்ரீஸ்டைல் பெண்ணை வளர்த்தது அலையில்லாத ஒரு நகர்ப்புறக் குளம். வேளச்சேரியில் பெரிய நீச்சல் வளாகம் வந்தது 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காக. அவர் பழகத் தொடங்கியபோது அது இல்லை.

உடல்வாகு என்ற பதிலுக்கு வருவோம். பாரிஸில் 200 மீட்டரை ஆஸ்திரேலியாவின் மோலி ஓ'கலகன் 1 நிமிடம் 53.27 விநாடியில் வென்றார். பதினான்கு வயது தினிதி எடுத்துக்கொண்டது 2 நிமிடம் 6.96 விநாடி. இடைவெளி பதின்மூன்று விநாடிக்கும் மேல். உயரமும் கைநீளமும் பெரிய பாதமும் உதவும் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அவை இறுதிச் சுற்றின் எட்டுப் பேருக்குள் யார் முந்துவது என்பதைத் தீர்மானிப்பவை. எட்டு பேருக்கு வெளியே, பதினாறு பேருக்கு வெளியே நாம் ஏன் நிற்கிறோம் என்பதை விளக்க அவை போதா. அதே பந்தயத்தில் ஹாங்காங்கின் ஷிவோன் ஹோஹி வெண்கலம் பெற்றார், டோக்கியோவில் அவருக்கே வெள்ளி. உடலைக் காட்டி ஒரு மக்கள் கூட்டத்தையே நீரிலிருந்து ஒதுக்கிய பேச்சு நமக்கு முன்பே இன்னொரு கூட்டத்துக்கு நேர்ந்தது. கறுப்பின மக்களின் எலும்பு கனம், அவர்கள் மிதக்க மாட்டார்கள் என்று அமெரிக்காவில் ஆய்வு என்ற பெயரிலேயே எழுதினார்கள். அதே காலத்தில் பொதுக் குளங்களில் அவர்களை விடவில்லை என்பதை அந்த ஆய்வாளர்கள் கணக்கில் கொள்ளவில்லை. குராசோவில் பிறந்து நெதர்லாந்துக்காக நீந்திய எனித் பிரிகிதா 1976 மொண்ட்ரியாலில் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் வெண்கலம் பெற்றார். அவருக்கு முன்னால் வந்த இருவரும் கிழக்கு ஜெர்மானியர்கள். அந்நாடு வீராங்கனைகளுக்கு ஊக்கமருந்து கொடுத்த கதை பின்னால் வெளிவந்தது, அதற்கு இத்தொடரில் தனி அத்தியாயம் வேண்டும். 2016இல் சிமோன் மானுவல் அதே 100 மீட்டரைக் கனடாவின் பென்னி ஒலெக்ஸியாக்கோடு சமமாக 52.70 விநாடியில் முடித்துத் தங்கத்தைப் பகிர்ந்துகொண்ட பிறகு, எலும்புக் கனத்தைப் பற்றிப் பேச அதிகம் பேர் மிச்சமில்லை.

எஞ்சியிருப்பது, எனக்குப் பதில் சொல்லக் கடினமாக இருக்கும் மறுப்பு. குடிக்கத் தண்ணீருக்கு லாரியை எதிர்பார்க்கும் தேரிக்காட்டு மண்ணில், லட்சக்கணக்கான லிட்டர் நல்ல தண்ணீரைத் தொட்டியில் தேக்கி நீந்துவது நியாயமா? கூஜியைப்போல் கடல்நீர்த் தொட்டி கட்டலாம் என்று எளிதில் சொல்லிவிடலாம். ஆனால் சிட்னியின் கரை பாறைத்தட்டு, ஏற்றவற்றம் நம்மைவிட அதிகம். மன்னார் வளைகுடாவில் ஏற்றவற்ற வித்தியாசம் ஒரு மீட்டரைக்கூட எட்டுவதில்லை. கரை பெரும்பாலும் மணல். சுவர் கட்டினால் நீர் மாறாமல் தேங்கி நாறும். மணப்பாட்டுக் குன்றோரம்போல் பாறை உள்ள இடங்கள் விதிவிலக்கு, ஆனால் ஒரு குன்றை வைத்து ஒரு கரைக்கே திட்டம் போட முடியாது. ஆகவே கூஜியை இங்கே அப்படியே பெயர்த்து வைக்கலாம் என்று நான் வாதிடவில்லை. வேறொரு முன்னுதாரணம் இருக்கிறது, அது கடலோரத்தில் நடந்தும் கடலைப் பயன்படுத்தாத ஒன்று.

ஹவாயின் மவுயித் தீவில் பூனெனெ என்ற கரும்புத் தோட்டப் பகுதி. அங்கே பள்ளி ஆசிரியராக இருந்தவர் சோய்ச்சி சகமோட்டோ. தோட்டக் கூலிகளின் பிள்ளைகள், பெரும்பாலும் ஜப்பானிய வம்சாவளியினர், கரும்புக்குத் தண்ணீர் போகும் வாய்க்காலில் குதித்து விளையாடுவார்கள். காவல்காரர் விரட்டுவார். சகமோட்டோ தோட்டக் கம்பெனியிடம் பேசி அந்த வாய்க்காலில் பிள்ளைகளுக்கு அனுமதி வாங்கினார். அவரே பெரிய நீச்சல்காரர் அல்லர். வாய்க்காலின் ஒரு பகுதியை அளந்து, நீரோட்டத்தை எதிர்த்து மேலே நீந்தச் சொல்லி, ஓட்டத்தோடு கீழே வரச் சொல்லி, நேரம் குறித்தார். எதிர்நீச்சல் பலத்தைத் தந்தது, கூடவே போகும் நீர் வேகத்தின் உணர்வைத் தந்தது. 1937இல் அவர் தொடங்கிய மூன்றாண்டு நீச்சல் சங்கத்தின் இலக்கு 1940 ஒலிம்பிக். பெயரிலேயே கெடு வைத்துக்கொண்ட சங்கம்! போர் வந்து அந்த ஒலிம்பிக் நடக்காமல் போயிற்று. ஆனால் அந்தப் பிள்ளைகளில் ஃபுஜிகோ கட்சுதானி என்ற பெண் அமெரிக்க தேசிய சாம்பியனானார். பிறகு சகமோட்டோவிடம் பயில வந்த பில் ஸ்மித் 1948 லண்டனில் 400 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் தங்கம் வென்றார். வாய்க்கால் தண்ணீரில் ஒரு சொட்டுக்கூட வீணாகவில்லை, நீந்தி முடித்த நீர் கரும்புக்குப் போனது.

தாமிரபரணியின் கடைசி அணையான ஸ்ரீவைகுண்டத்திலிருந்து தென்கால் வழியாக வரும் நீர் கடம்பாகுளம் முதலான குளங்களை நிரப்புகிறது. சடையனேரி வாய்க்கால் உடன்குடிப் பக்கத்துக் குளங்களுக்கு வருகிறது. மழைக்காலத்தில் சில மாதம் நீர் நிற்கும், கோடையில் வறண்டுவிடும். வருடம் முழுக்க இல்லாத நீரில் என்ன பயிற்சி என்று கேட்டால், ஒலிம்பிக்குக்கு அது போதாது என்பதே நேரான பதில். ஆனால் பன்னிரண்டு வயதுப் பெண்ணைக் கிணற்றிலிருந்து வெளியேற்றாமல் வைத்திருக்க அது போதும். வங்கதேசத்தில் ஊர்க்குளங்களில் மூங்கில் மேடை கட்டி, எல்லைக்குள் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கும் திட்டங்கள் ஆண்டுக்கணக்கில் நடக்கின்றன. அங்கே நோக்கம் பதக்கம் அல்ல, பிள்ளைகள் மூழ்கிச் சாகாமல் இருப்பது. மூங்கில் மேடைக்கு ஆகும் செலவை நம் ஊராட்சிகள் கோயில் கொடைப் பந்தலுக்கே ஒதுக்கிவிடும். ஒதுக்கக் கடினமானது நேரம்: வாரத்தில் இத்தனை மாலை, இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிவரை, இந்தப் படித்துறை பெண் பிள்ளைகளுக்கு என்று ஊர் ஒப்புக்கொள்வது, அந்த நேரத்தில் அவர்களை விறகுக்கும் தண்ணீருக்கும் அனுப்பாமல் இருப்பது, சொல்லிக்கொடுக்க ஒரு பெண் அங்கே நிற்பது. கூஜியில் இதைச் செய்து முடிக்க ஸ்டாக்ஹோமுக்கு முன்னால் ஏறத்தாழ முப்பது ஆண்டு ஆயிற்று.

சகமோட்டோவிடம் பயின்ற இன்னொரு பெண் ஈவ்லின் கவமோட்டோ. 1952 ஹெல்சிங்கியில் 400 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் வெண்கலமும், தொடர் பந்தயத்தில் இன்னொரு வெண்கலமும் பெற்றார். டாலி நசீர் தன் முதல் சுற்றோடு வெளியேறியதும் அதே குளத்திலிருந்துதான்.

அடுத்த இதழில்: கங்கைப் படித்துறையிலிருந்து ஆங்கிலக் கால்வாய் வரை – ஆரத்தி சாஹா.